ஒரு பெயருக்கு ஒரு வள்ளம்

காலை ஒன்பதே முக்காலுக்குச் செய்தி வந்தது. நான் குசினியில் நின்று அஞ்சலினாவுக்கான கஞ்சியை ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தேன். விடியப்புறம் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தபோது, "உப்புக் கொஞ்சம் கூடப் போட்டுக் கொண்டாங்கோ, இஞ்சத்தைக் கஞ்சி வாயில வைக்க ஏலாது" என்று சொல்லியிருந்தாள். குளித்துவிட்டுத் திரும்பிப் போவதற்காகத்தான் பாலையூற்று வீட்டுக்கு வந்திருந்தேன். கைபேசியில் டிலுக்ஷனின் பெயர் தெரிந்தது. ஒன்றரை வருடமாக அவனுடைய அழைப்பை நான் எடுத்ததில்லை. அன்று எடுத்தேன்.

"அத்தான்," என்றான். "அக்கா போயிட்டா அத்தான்."

என் மனைவி இறந்த செய்தி எனக்கு அவனுடைய குரலில் வந்தது. வேறு யாருடைய குரலில் வந்திருந்தாலும் இதை இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அஞ்சலினா டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். இந்தக் கரையில் அவளைத் தெரிந்தவர்கள் அவளைப் பற்றி ஒரு விஷயத்தைத்தான் சொல்வார்கள்: அவள் எழுதிய கணினி நிரலில் இருந்த பிழையால் ஒரு மீனவர் செத்துப்போனார் என்பது. அது உண்மை இல்லை. உண்மையைச் சொல்லவேண்டியவன் டிலுக்ஷன். அவன் சொல்லவில்லை. அதனால் அவள் யார், என்ன வேலை செய்தாள், எப்படிச் செய்தாள் என்பதை நான் தெரிந்த அளவில் எழுதுகிறேன். நான் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறவன். கணினி விஷயத்தில் எனக்குத் தெரிந்தது அவள் சொல்லித் தெரிந்தது மட்டும்.

அவளுடைய தகப்பன் துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்தவர். அவள் உயர்தரத்தில் கணிதம் படித்தாள். பொறியியலுக்குப் புள்ளி கொஞ்சம் போதவில்லை. வீட்டில் அழுதுகொண்டிருக்காமல் நிலாவெளியில் ஒரு சுற்றுலா விடுதியின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவளுக்குப் பின்னால் சுவரில் சதுரம் சதுரமாய் மரப்பெட்டிகள், ஒவ்வோர் அறைக்கும் ஒன்று. விருந்தாளிகளுடைய கடவுச்சீட்டு, சலவைத்துண்டு, அவர்களுக்கு வந்த செய்தி எல்லாம் அந்தப் பெட்டிகளில் போகும். புதிதாய் வந்த ஒரு பெடியன் பெட்டிகளில் அறை இலக்கத்துக்குப் பதிலாக ஆட்களின் பெயரை ஒட்டினானாம். ஒரு வார இறுதியில் பெரேரா என்று இரண்டு குடும்பம் வந்துவிட்டது. ஒரு பெரேரா திமிங்கிலம் பார்க்க விடியற்காலமே எழுப்பச் சொல்லியிருந்தார். மற்றவர் புதுமாப்பிள்ளை.

"ஆரை எழுப்பினவங்கள் எண்டு நான் சொல்லத் தேவையில்லைத்தானே," என்பாள். கலியாணம் பேசிய நாட்களில் எனக்கு அவள் சொன்ன முதல் கதை இதுதான். நான் சிரித்து முடிக்குமுன்னே முகத்தைச் சீரியசாக்கிக்கொண்டு, "பேரை நம்பக் கூடாது. அறையை நம்பவேணும். அறை ஒண்டுக்கு ரெண்டு வராது," என்றாள்.

விடுதியில் வேலை செய்தபடியே வெளிவாரியாகக் கணினிப் பட்டம் படித்தாள். நிரல் எழுதுவதில் அவளுக்கு மிகவும் பிடித்த பொருள் மேப் என்று ஒன்று. வரைபடம் என்று நினைத்து நான் ஆசையாகக் கேட்டேன், என் பாடம் அல்லவா. "உங்கட அட்லசுக்கும் இதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை சேர்," என்று சிரித்தாள். பிறகு அந்த விடுதிச் சுவரையே வைத்து விளங்கப்படுத்தினாள். பெட்டிகள் உள்ள ஒரு சுவர். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அடையாளம். அடையாளத்தைச் சொன்னால் உள்ளே இருப்பது உடனே கைக்கு வரும். முதலாவதில் இருந்து ஒவ்வொன்றாகத் தேடத் தேவையில்லை. ஆயிரம் பெட்டி இருந்தாலும் அதே வேகம்.

"நல்ல வேலைக்காரன்," என்றேன்.

"நல்லவன்தான். ஆனா வாய் திறக்க மாட்டான்," என்றாள். ஒரு பெட்டியில் ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது அதே அடையாளத்தைச் சொல்லி இன்னொன்றைக் கொடுத்தால், பழையதை எடுத்து எறிந்துவிட்டுப் புதியதை வைத்துவிடுவான். ஏன் என்று கேட்க மாட்டான், எறிந்தேன் என்றும் சொல்ல மாட்டான். இல்லாத பெட்டியைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டான். வெறும் கையை நீட்டுவான், அதை நாம் பதில் என்று எடுத்துக்கொள்வோம். ஆகவே வைக்குமுன் கேட்கவேண்டும், எடுக்குமுன்னும் கேட்கவேண்டும்: இது இருக்கிறதா? அவள் எழுதிய எல்லாவற்றிலும் அந்தக் கேள்வி இருக்கும். "ரெண்டு வரி கூட எழுதினால் கை தேயாது" என்பாள்.

டிலுக்ஷன் அவளுடைய சின்னம்மாவின் மகன். கூடப்பிறந்த தம்பி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவனுடைய சாப்பாட்டில் பாதி எங்கள் குசினியில்தான். அவனும் கணினி படித்தான், கெட்டிக்காரன், அதைவிட வாய்க்கெட்டிக்காரன். இருவரும் சேர்ந்து அன்புவழிபுரத்தில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்துச் சிறிய நிறுவனம் தொடங்கினார்கள். அவள் எழுதுவாள். அவன் ஆட்களைப் பிடித்துவருவான், கொஞ்சம் எழுதவும் செய்வான்.

"நான் கதைக்கிறன், அக்கா செய்யிறா. அத்தான் என்ன செய்யிறார் எண்டுதான் ஒருத்தருக்கும் தெரியாது," என்று என்னைக் கதிரையில் இருந்து எழுப்பித் தேத்தண்ணி போட அனுப்புவான். நானும் போவேன். அப்படி ஒரு வீடாக இருந்தோம்.

நிலாவெளிப் பக்கத்துக் கரை ஒன்றின் மீனவர் சங்கத்தை அவன்தான் பிடித்துவந்தான். சங்கச் செயலாளர் கோணாமலை என்பவர், நல்ல மனிதர், கடலில் ஒரு காது போனவர், அதனால் சத்தமாகக் கதைப்பார். அவர்கள் கேட்டது எளிமையான ஒன்று. வள்ளம் கடலுக்குப் போகும்போது ஒரு குறுஞ்செய்தி அனுப்பவேண்டும், கரைக்கு வந்ததும் ஒன்று. அடுத்த நாள் குறித்த நேரம் தாண்டியும் வராத வள்ளத்தின் வீட்டுக்கும் சங்கத்துக்கும் தானாகவே எச்சரிக்கை போகவேண்டும். சங்கத்தில் ஒரு திரையில் எல்லா வள்ளமும் தெரியும்: கடலில் இருப்பது சிவப்பு, வந்தது பச்சை.

அஞ்சலினா ஒவ்வொரு வள்ளத்தையும் அதன் பதிவு இலக்கத்தால் அடையாளப்படுத்தினாள். கோணாமலைக்கு அது பிடிக்கவில்லை.

"பிள்ளை, என்ர பதிவு இலக்கம் எனக்கே பாடமில்லை. இவங்களுக்குப் பெண்சாதியின்ர பிறந்தநாளே தெரியாது. பேரைப் போடம்மா, பேரை."

"பேர் ரெண்டு வரும் ஐயா."

"எங்கட கரையில வராது. ஒருத்தன்ர வள்ளத்துப் பேரை மற்றவன் வைக்க மாட்டான். அடிபிடியே வரும்."

"வெளியில இருந்து வாறவையும் இருக்கினம்தானே ஐயா, சீசனுக்கு."

"அவங்களை நான் பாக்கிறன்," என்றார் அவர்.

அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பெயரைக் காட்டலாம், ஆனால் அடையாளம் இலக்கம்தான் என்று முடித்தாள். ஒவ்வொரு வள்ளக்காரரின் கைபேசியிலும் அவரது இலக்கத்தைப் பதிந்து கொடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்று செய்தாள். அப்படித்தான் எழுதி முடித்தாள். பிறகு தன் தாய்க்கு மட்டக்களப்பில் கண் சத்திரசிகிச்சை என்று துணைக்குப் போய் இருந்தாள். திறப்புவிழா வேலைகளை டிலுக்ஷனிடம் விட்டுப்போனாள்.

கோணாமலை சொன்னது முழுப் பொய்யல்ல. அந்தக் கரையில் ஒருவர் வள்ளத்தின் பெயரை மற்றவர் வைப்பதில்லை. ஆனால் வாங்கிய வள்ளத்தின் பெயரை மாற்றுவதும் இல்லை. மாற்றினால் கடல் புதிய பெயரைத் தெரியாது என்று சொல்லும் என்பது அவர்களது நம்பிக்கை. விற்றவருக்கு அந்தப் பெயர் ராசியாக இருந்திருந்தால், அவரும் அதை விடமாட்டார். புதிய வள்ளத்துக்கும் அதையே எழுதுவார். விற்றவரும் வாங்கியவரும் வழக்கமாக வெவ்வேறு கரைகளில் இருப்பதால் இதனால் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

சுலக்சன் என்ற இளம் மீனவர் சிலாபத்து லெஸ்லியிடம் ஒரு வள்ளம் வாங்கினார். வள்ளத்தின் பெயர் ஜெபமாலை. சுலக்சன் சைவம். "விபூதியும் பூசிக்கொண்டு ஜெபமாலையில போறான், ரெண்டு பக்கத்தாலயும் காவல்" என்று கரையில் பகிடி விடுவார்களாம். லெஸ்லி தன் புது வள்ளத்துக்கும் ஜெபமாலை என்றே எழுதினார். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இங்கே வந்து, கரையில் வாடி என்று ஓலைக் கொட்டில் போட்டுத் தொழில் செய்கிறவர் அவர். வருவது அதே கரைக்கு.

அந்த ஆவணியில் இரண்டு ஜெபமாலையும் ஒரே பிற்பகலில் கடலுக்குப் போயின. விடியும்போது லெஸ்லி திரும்பி வந்து, வந்துவிட்டேன் என்று செய்தி அனுப்பிவிட்டு வாடிக்குள் போய்ப் படுத்தார். திரையில் ஜெபமாலை பச்சையாகியது. சுலக்சனும் துணைக்கு ஒருவரும் போன வள்ளம் இயந்திரம் நின்று வெளிக்கடலில் இழுபட்டுக்கொண்டிருந்தது.

சுலக்சனின் மனைவி லக்சாயினி பிள்ளை பெற்று, புல்மோட்டையில் தாய்வீட்டில் இருந்தாள். கணவனின் கைபேசி வேலை செய்யவில்லை என்றதும் சங்கத்துக்கு எடுத்தாள். கோணாமலை திரையைப் பார்த்தார்.

"ஜெபமாலை விடியவே வந்திட்டுது பிள்ளை. பச்சையாக் கிடக்கு. பெடியன் மீனைப் போட்டிட்டு எங்கையாவது நிப்பான். பால் குடுக்கிற நேரம் யோசிக்காத."

மத்தியானமும் எடுத்தாள். திரை பச்சையாகவே இருந்தது. அவளுடைய பயத்தைவிடத் திரையை எல்லோரும் நம்பினார்கள். நல்ல விலை கிடைக்கும் கரையில் வள்ளத்தைக் கட்டிவிட்டு நிற்பது சுலக்சனின் வழக்கம் என்பதும் சேர்ந்துகொண்டது. அடுத்த நாள் லெஸ்லி கடைக்கு வந்தபோது யாரோ, "சுலக்சனைக் கண்டனீங்களோ" என்று கேட்டார்கள். விடியவே வந்தது லெஸ்லியின் ஜெபமாலை என்று அப்போதுதான் தெரிந்து, கரை முழுக்க ஓடத் தொடங்கியது. புல்மோட்டை வள்ளம் ஒன்று அவர்களைக் கண்டெடுத்தது. கூடப் போனவர் உயிரோடு இருந்தார். சுலக்சன் இல்லை.

செய்தி கேட்ட அன்று அஞ்சலினா சாப்பிடவில்லை. கணினியின் முன் இருந்து ஏதோ பார்த்தாள். அதிக நேரம் தேவைப்படவில்லை. பெட்டிகளின் அடையாளம் இலக்கமாக இருக்கவேண்டிய இடத்தில் பெயராக இருந்தது. இருக்கிறதா என்று கேட்கும் வரிகளும் இல்லை. டிலுக்ஷனை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவன் வந்து கதவடியிலேயே நின்றான்.

"மாத்தினனீயோ?"

"விழாவுக்கு முதல்நாள் அக்கா. கோணாமலை ஐயா விடேல்லை. பேராலதான் வேணும், இல்லாட்டி விழாவே இல்லை எண்டுட்டார். நீங்கள் ஆஸ்பத்திரியில நிண்டனீங்கள்."

"கேக்கிற வரியை ஏன் எடுத்தனீ?"

"அது ஒவ்வொருக்காலும் பிழை எண்டு காட்டிக்கொண்டு இருந்தது." பிறகுதான் தான் என்ன சொல்கிறோம் என்று அவனுக்கு விளங்கியது. நிலத்தில் குந்தியிருந்து அழத் தொடங்கினான்.

அதாவது, அவள் எழுதிவைத்த கேள்வி ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. அது தொந்தரவு என்று அவன் அதை அழித்திருக்கிறான்.

அவள் அவனை ஏசவில்லை. அவனுடைய தலையில் கைவைத்தாள். "கூட்டம் வைப்பினம். அந்தப் பிள்ளை லக்சாயினியும் வரும். அவவுக்கு முன்னால நீயே சொல்லு. நான் உனக்குப் பக்கத்தில நிப்பன்," என்றாள்.

"சொல்லுறன் அக்கா. சத்தியமா நானே சொல்லுறன்."

சங்கக் கட்டிடத்தில் கூட்டம். நானும் போயிருந்தேன். லக்சாயினி கைக்குழந்தையோடு முன்வரிசைக் கதிரையில் இருந்தாள். கரையே வந்திருந்தது. கோணாமலை எழும்பி, "கொம்பியூட்டரில பிழை நடந்திருக்கு. ஆர் செய்தது எண்டு சனம் கேக்குது," என்றார். பெயரால் போடச் சொல்லி வற்புறுத்தியவர் அவர். அவர் அதைச் சொல்லவில்லை. டிலுக்ஷனைப் பார்த்தார்.

டிலுக்ஷன் எழும்பினான். அஞ்சலினாவும் அவன் சொல்லப்போகிறான் என்று கூடவே எழும்பினாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவன் பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருந்தாள், நின்றாள்.

"நான் ஆக்களோட கதைக்கிற ஆள் மட்டும்தான்," என்றான் டிலுக்ஷன். "கோடிங் முழுக்க அக்காதான்." அதைச் சொல்லிவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டான்.

அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். எல்லோருக்கும் அது அவள் ஒப்புக்கொண்டு எழும்பினது போலத் தெரிந்திருக்கும். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக அல்ல, சொல்ல மறந்துவிட்டதை ஞாபகப்படுத்துவது போல. அவன் நிலத்தைப் பார்த்தான். நான் எழும்பப் போனேன். என் கையை அழுத்திப் பிடித்தாள். லக்சாயினி குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு எழும்பி வந்து, "உங்களுக்குப் பச்சை எது, சிவப்பு எது எண்டு தெரியாதோ?" என்று கேட்டாள்.

வரும் வழியில் பைக்கை நிறுத்திவிட்டு நான் சத்தம் போட்டேன். "ஏன் பேசாமல் நிண்டனீர்?"

"செத்த வீட்டில போய் நானில்லை அவன், அவனில்லை நான் எண்டு நாங்கள் ரெண்டுபேரும் கிழிபடுறதே? அந்தப் பிள்ளைக்கு அதுவும் பாக்க வேணுமே?"

"அவன் பொய் சொல்லிட்டானப்பா."

"பயந்திட்டான். நாளைக்குச் சொல்லுவான். அவன் சொல்லவேணும். நான் சொன்னா அது சண்டை. அவன் சொன்னாத்தான் அது உண்மை." பிறகு, "நீங்களும் ஒருத்தரிட்டயும் போய்க் கதைக்கக் கூடாது. எனக்கு மேல சத்தியம்," என்றாள்.

அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றினேன். இன்றைக்கு யோசித்தால், டிலுக்ஷன்மேல் மட்டுமல்ல, அவள்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. நாளைக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான் என்று அவள் காத்திருந்த ஒன்றரை வருடமும் என்னையும் வாய் கட்டி வைத்திருந்தாள்.

அவன் மேல்மாடி அறைக்கு வருவதை நிறுத்தினான். கொஞ்ச நாளில் வேறு இரண்டு பேரோடு சேர்ந்து தனியாகத் தொடங்கினான். சங்கம் அவனிடமே புதிய நிரல் கேட்டது. இந்த முறை பதிவு இலக்கத்தால். "பழைய சிஸ்டத்தில இருந்த குறையைக் கண்டுபிடிச்சுத் திருத்தினவர்" என்று அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சந்தையில் அஞ்சலினாவிடம் மீன் விற்கிற பெண், "உங்களுக்கு எங்கட கடல் மீன் எப்பிடித் தொண்டைக்குள்ள இறங்குது?" என்று கேட்டாள். அவள் மீன் வாங்குவதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவதை நிறுத்தவில்லை. கோயிலில் டிலுக்ஷனைக் கண்டால் தலையசைப்பாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பிழை செய்தவள் அவள்தான் என்பது போல அவன் நடக்கத் தொடங்கியிருந்தான். நாள் போகப் போக அவனே அதை நம்பத் தொடங்கியிருக்கலாம்.

ஒருமுறை மட்டும் அவள் என்னிடம், "அவன் சின்னனில கிணத்துக்குள்ள வாளியை விட்டிட்டு, கயிறு அறுந்தது எண்டுதான் சொல்லுவான். கை விட்டது எண்டு சொல்ல மாட்டான்," என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். நான் சொல்லத் தொடங்கிய அந்தக் காலையில் அங்கிருந்துதான் வீட்டுக்கு வந்திருந்தேன். நான் வந்த பிறகு டிலுக்ஷன் அங்கே போயிருக்கிறான்.

செத்த வீட்டுக்கு டிலுக்ஷன் எல்லா வேலையும் செய்தான். பந்தல் போட்டான், பாதிரியாரைக் கூட்டிவந்தான், படம் பெரிதாக்கி அடித்தான். சொந்தக்காரர் எல்லோரும், என்ன இருந்தாலும் தம்பி தம்பிதான் என்றார்கள். எனக்கும் எதிர்த்து நிற்கப் பலம் இருக்கவில்லை. கோணாமலையும் கரையில் இருந்து சிலரும் வந்திருந்தார்கள். பெட்டியை மூடுமுன் யாராவது ஒரு வார்த்தை பேசுவது எங்கள் வழக்கம். டிலுக்ஷன் முன்னுக்கு வந்தான்.

"அக்கான்ர கடைசி நேரம் நான்தான் பக்கத்தில நிண்டனான்," என்றான். அழுதான், உண்மையாகவே அழுதான். "என்ர கையைப் பிடிச்சவ. தம்பி, நான் விட்ட பிழையை நீ திருத்திட்டாய், எனக்கு அது காணும், அந்தப் பிள்ளையிட்ட எனக்காக மன்னிப்புக் கேள் எண்டு சொன்னவ. அதோடதான் கண்ணை மூடினவ."

பந்தலில் இருந்தவர்கள் விம்மினார்கள். கோணாமலை துவாயால் கண்ணைத் துடைத்தார். நான் பெட்டியின் தலைமாட்டில் நின்றேன். அவள் அப்படிச் சொல்லியிருப்பாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவளுடைய குணத்துக்கு அவனைக் காப்பாற்றவென்று அதைச் சொல்லவும் கூடியவள்தான். நான் அவளைச் சந்தேகப்பட்டது அந்த ஒரு கணம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு அசனா வீட்டுக்கு வந்தார். அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் தாதி, கிண்ணியாவைச் சேர்ந்தவர். அஞ்சலினாவின் மோதிரத்தையும் செபப் படத்தையும் கொடுத்தனுப்ப மறந்துவிட்டார்கள் என்று தானே கொண்டுவந்திருந்தார். கதிரை நுனியில் இருந்துகொண்டு, "கஷ்டப்படேல்லை சேர். நீங்க வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே மயக்கத்துக்குப் போயிட்டாங்க. பிறகு கண் முழிக்கவே இல்லை," என்றார்.

"தம்பியோட கதைச்சவவோ?"

"ஆரு, அந்த உயரமான தம்பியா? அவரை நாங்க உள்ளுக்கு விடல்ல சேர். அந்த நேரம் டொக்டர்மார் எல்லாம் சுத்தி நிண்டாங்க. கண்ணாடிக்கு அங்கால நிண்டுதான் பாத்தாரு." பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, "உங்களுக்கு உடனே கோல் எடுத்துச் சொல்லச் சொல்லி அவருக்கிட்டதான் சொன்னேன். வந்து சேருறதுக்கு நேரம் இருந்திச்சி. எடுத்தவர்தானே?" என்று கேட்டார்.

எடுத்தவர் என்றேன். எடுத்தது உண்மைதான். அவள் போன பிறகு, ஒன்பதே முக்காலுக்கு எடுத்தான்.

அவள் இனி இல்லை, அவளுக்குச் செய்த சத்தியமும் இனி என்னைக் கட்டாது என்று முடிவெடுத்து நான் லக்சாயினியிடம் போனேன். புல்மோட்டையில் தாய்வீட்டு முற்றத்தில் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி ஒரு கதிரையை எடுத்துப் போட்டாள். நான் நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன். இலக்கம், பெயர், விழாவுக்கு முதல்நாள், அழித்த வரி, கூட்டத்தில் எழும்பி நின்றது.

"டிலுக்ஷன் அண்ணா போன கிழமை வந்தவர்," என்றாள் கடைசியில். "அக்கா சாகேக்க சொன்னதைச் சொல்லி என்ர காலில விழுந்தவர். அக்காக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன் எண்டு அழுதவர். நானும் அழுதனான். மன்னிச்சிட்டன் எண்டு சொல்லிட்டன்."

"அவ அப்பிடிச் சொல்லேல்லை பிள்ளை. அவ கண் முழிக்கவே இல்லை."

"சேர்," என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "பெண்சாதியில பழி இருக்கக் கூடாது எண்டு நினைக்கிறியள். ஆருக்கும் அப்பிடித்தான் இருக்கும். ஆனா அவவே ஒத்துக்கொண்டு போயிட்டா. நான் கஷ்டப்பட்டு மன்னிச்சது. இப்ப வந்து அது அவவில்லை, வேற ஆள், திரும்பத் தொடங்கு எண்டு சொல்லுறியள். எனக்கு ஏலாது. அவவை நான் மன்னிச்சிட்டன். அதோட விடுங்கோ."

செய்யாத பிழைக்கு என் மனைவிக்குக் கிடைத்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு நான் திரும்பி வந்தேன். கடைசியாக வைத்தது எதுவோ அதுதான் அந்தப் பெட்டியில் நிற்கும். முதலில் இருந்தது எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அவன் அதை அவளிடம்தான் படித்தான்.

அவளுடைய கணினியை நேற்றுத்தான் திறந்து பார்த்தேன். சங்கம் அவளைக் கைவிட்ட பிறகும், யாரும் கேட்காமலே, வள்ளங்களுக்கான அதே நிரலை அவள் திரும்ப எழுதி வந்திருக்கிறாள். எழுத்துக்கள் எனக்கு முழுக்க விளங்காது. ஆனால் தமிழில் இருந்த ஒரு வரியை வாசித்தேன். இருக்கும் பெயரில் இன்னொரு வள்ளம் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அது கேட்கவேண்டிய கேள்வி: "இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு வள்ளம் இருக்கிறது. நீங்கள் எந்த வள்ளம்?" அதற்குக் கீழே, சீசனுக்கு மேற்குக் கரையில் இருந்து வருகிறவர்களுக்காக, அதே கேள்வியைச் சிங்களத்தில் எழுத ஓர் இடம் விட்டிருக்கிறாள். அங்கே இரண்டு மேற்கோள் குறிகள் இருக்கின்றன. நடுவில் அவள் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.